ஒரு நாள் அட்டை

கல்யாணத்துக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. அதைப் படமெடுக்கப் பின்சிக்கு அனுமதி உண்டா இல்லையா என்பது மட்டும் முடிவாகவில்லை.

மற்றதெல்லாம் தயார். வண்டிப்பெரியார் ஊருக்கு மேலே, எஸ்டேட் மாதா கோயிலில் சனிக்கிழமை காலை பூசை. பந்தலுக்குக் கம்பு ஊன்றியாகிவிட்டது. பிரியாணிக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை லிபின் ஜீப் ஓட்டுகிறவன். அவனுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அவள் எடுத்தால் சரி, ஆனால் சிரி சிரி என்று மட்டும் சொல்லக் கூடாது என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

பின்சி பி.எஸ்.சி. இயற்பியல். ஒளி எங்கே வளையும், எங்கே சிதறும் என்று படித்துவிட்டு, நான்கு வருடமாக ஜோமோனின் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறாள். ஜோமோன் அவளை மணப்பெண் அறைக்கு மட்டும்தான் அனுப்புவான். பெண்ணுக்குச் சேலை கட்டுவது, வளையல் போடுவது, ஊசி குத்திப் பெண் முகம் சுளிப்பது எல்லாம் பின்சியின் பங்கு. பெண் கோயிலுக்குக் கிளம்பியதும் அவள் வேலை முடிந்துவிடும். பீடத்துக்கு முன்னால் ஜோமோன் நிற்பான். தாலியைப் பெட்டிக்குள் எத்தனையோ முறை படமெடுத்திருக்கிறாள். கழுத்தில் ஏறும்போது ஒருமுறைகூட எடுத்ததில்லை.

தாலிப் படம் இல்லாதவருக்குப் போட்டோகிராபர் சங்கத்தில் உறுப்பினர் அட்டை கிடையாது. அட்டை இல்லாதவரைத் தாலிப் படம் எடுக்க யாரும் கூப்பிடுவதில்லை. சங்கம் வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் சேர்க்கும். இந்த வருடத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். ஒரு கல்யாணத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை மெயின் போட்டோகிராபராக எடுத்திருக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் செல்லாது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பெரியப்பா மக்கள், சித்தி மக்கள் என்று விதி வரிசையாகச் சொன்னது. பின்சி அதை இரண்டு முறை படித்தாள். சனிக்கிழமைக் கல்யாணம் அந்த வரிசையில் எங்கும் வரவில்லை.

இந்த ஒன்றை விட்டால் அடுத்த வருடமும் வளையல்தான். அதனால் நேராக ஜோமோனிடம் போனாள். மெயினாகத் தானே நிற்கப்போவதாகவும், ஸ்டுடியோவின் பெரிய பிளாஷை ஒரு நாளைக்கு இரவல் தர வேண்டும் என்றும் கேட்டாள்.

ஜோமோன் சிரித்தான். "அன்னைக்கு உனக்கு அதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு? நீ ரூமுக்குள்ள இரு. நானே வந்து எடுத்துத் தாரேன். பைசா வேண்டாம், என்னோட கிப்டா இருக்கட்டும்."

"வேண்டாம் அண்ணே. நான்தான் மெயின்."

பின்சி யாரிடமும் வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவள். அதனாலேயே அந்தச் சொல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. ஜோமோன் பிளாஷையும் தரவில்லை, கிப்டையும் தரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பைக்கைக் கோயில் வாசலில் நிறுத்தி, அட்டை இல்லாத ஒருத்தி பீடத்தருகே படமெடுக்கப்போகிறாள் என்று கப்பியார் சூசையப்பனின் காதில் போட்டுவிட்டுப் போனான்.

கோயிலில் மணியடிப்பது, பீடத்துக்குப் பூ வைப்பது எல்லாம் கப்பியாரின் வேலை. போன ஈஸ்டருக்கு வெளியூர்ப் போட்டோகிராபர் ஒருவர் படமெடுக்கும் மும்முரத்தில் சாமியாரின் நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டார். அன்றுமுதல் சங்க அட்டை கழுத்தில் தொங்காத யாரும் கேமராவோடு பீடத்தை நெருங்கக் கூடாது என்பது சாமியாரின் உத்தரவு. இந்தக் கல்யாணத்துக்கு அது யாருக்கும் நினைவுக்கே வந்திருக்காது. ஜோமோன் நினைவுபடுத்திவிட்டான்.

"நீ கைய வீசிட்டு வந்தா உன்னை யாரு கேக்கப் போறா?" என்றார் சூசையப்பன், அன்று மாலை கோயிலுக்கு வந்த பின்சியிடம். "கேமராவோட வந்தாத்தான் சாமி கேப்பாரு."

மறுநாள் காலையில் பின்சி சங்கத்துக்குப் போனாள். செயலாளர் ஜின்சன் நல்ல மனிதர், கண்டிப்பானவர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். புதியவர்களுக்கென்று ஒரு நாள் அட்டை உண்டு என்றார். ஆனால் பெண் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், இப்போதே போனில் சொன்னால் போதும் என்றார்.

பெண் வீட்டில் தான் வைத்ததுதான் சட்டம் என்று இருப்பவள் கத்தரீனாள். பெண்ணின் தாய். பின்சி தயங்கித் தயங்கி அந்த எண்ணைக் கொடுத்தாள். ஜின்சன் ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்லா இருப்பீக ஐயா," என்றாள் கத்தரீனாள். "அவளுக்கு அட்டையும் குடுக்காதீக, ஒண்ணும் குடுக்காதீக. கல்யாணத்தன்னைக்குக் கேமராவத் தூக்கிட்டு நின்னா ஊரு சிரிக்கும். நல்ல நாளும் அதுவுமா ஒரு இடத்துல அடங்கி இருக்கச் சொல்லுங்க."

ஜின்சன் போனை வைத்துவிட்டுப் பின்சியை இரக்கத்தோடு பார்த்தார்.

"பெண் வீட்டுக்கே இஷ்டமில்லையே மோளே."

"பொண்ணுக்கு இஷ்டம் சார்."

"நீ கேட்டோ?"

"கேட்டேன் சார். பல தடவை."

வேறு வழியில்லாமல் லிபினை அழைத்துக் கொடுத்தாள். ஜீப் சத்தத்துக்கு நடுவே லிபின் தெளிவாகச் சொன்னான், அவள் இல்லாவிட்டால் இந்தக் கல்யாணமே நடக்காது என்று. ஒரு போட்டோகிராபர்மேல் இத்தனை நம்பிக்கை வைத்த மாப்பிள்ளையை ஜின்சன் தன் தொழில் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மனம் இளகிவிட்டார்.

இளகியதுதான் வினையாகப் போயிற்று. வீட்டில் எதிர்ப்பு இருப்பதால் ஏதும் தகராறு வராமல் தானே வந்து நிற்பதாகவும், அட்டையைக் கோயிலில் தன் கையாலேயே தருவதாகவும் சொன்னார். பிறகு விதியைச் சொன்னார். ஒவ்வொரு படமும் அவள் விரலால் அழுத்தியதாக இருக்க வேண்டும். வேறு யாரும் கேமராவைத் தொட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் கேமராவுக்குப் பின்னால் ஒரு தோழியை நிறுத்தலாம் என்று வைத்திருந்தாள் பின்சி. அதுவும் போயிற்று.

அவள் அழவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மொபைல் கடையில் ஒரு கேமரா ரிமோட் வாங்கினாள். அதைப் பிரித்து, உள்ளே இருந்த பலகையையும் பொத்தானையும் மட்டும் எடுத்து, உள்ளங்கையில் மறையும்படி டேப் சுற்றினாள். மாலையில் கோயிலுக்குப் போய் அந்தோணியார் சுரூபத்தின் பக்கத்தில் ஸ்டாண்டை வைத்து, பீடத்துக்கு முன்னால் வந்து நின்று அழுத்தினாள்.

முதல்முறை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம்முறை ஒரு படம் விழுந்தது. மூன்றாம்முறை பொத்தான் உள்ளேயே மாட்டிக்கொண்டு, கேமரா தன் பாட்டுக்கு எடுத்துத் தள்ளியது. ஓடிப்போய் நிறுத்திப் பார்த்தால், பக்கவாட்டுக் கதவருகே சூசையப்பன் பீடி பற்றவைப்பதும், இழுப்பதும், கையால் புகையை விரட்டுவதும் வரிசையாகப் பதிவாகியிருந்தன. வெளிச்சம் நன்றாக அமைந்திருந்தது.

சூசையப்பனும் எட்டிப் பார்த்தார். பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்தார்.

"இதை அழிச்சிருட்டி," என்றார். "ஸ்டாண்டு அங்கனயே இருக்கட்டும். சாமிட்ட நான் பேசுதேன். அட்டை மட்டும் எப்படியாவது வந்துரணும்."

அழித்தாள். வீட்டுக்கு வந்து பொத்தானுக்கு அடியில் இருந்த டேப்பைச் சரிசெய்தாள். கத்தரீனாள் வைத வசவுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை கோயிலைச் சுற்றி மூடுபனி இறங்கியிருந்தது. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஜின்சன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பின்சி தலையோடு உடம்பெல்லாம் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஸ்டாண்டின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் வரவில்லை. சூசையப்பன் மணிக்கயிற்றின் அருகே நின்று கடிகாரத்தைப் பார்ப்பதும் இவளைப் பார்ப்பதுமாக இருந்தார்.

ஜின்சனின் கண் அவள் கைமேல் விழுந்தது. மருதாணி முழங்கைவரை ஏறியிருந்தது.

"கல்யாண வீட்ல எல்லாருக்கும் இட்டாங்களோ?"

"ஆமா சார்."

அவர் கேமராவைச் சுற்றிவந்து பார்த்தார். ரிமோட்டை அழுத்திக் காட்டச் சொன்னார். அழுத்தினாள், படம் விழுந்தது. மறுபடி கேட்டார், மறுபடி விழுந்தது. இத்தனை வருடத்தில் தனக்கே இது தோன்றவில்லையே என்று மனதுக்குள் நினைத்தாரோ என்னவோ, மீசையைத் தடவிக்கொண்டார்.

"தாலி கட்டும்போ நீ எவிட நிப்ப?"

"மாப்பிள்ளை பக்கத்துல சார்."

"எத்தனை தூரம்?"

"தொடுற தூரம்."

"அத்தனை பக்கம் போனா வீட்டுக்காருக்கு எடைஞ்சல் ஆகும் மோளே."

"ஆகாது சார்," என்றாள் பின்சி. "கை நடுங்காம அழுத்திருவேன். ஒண்ணுகூட விடமாட்டேன்."

நான்கு வருடமாக வளையல் மட்டும் எடுத்த ஒரு பெண் இப்படிச் சொன்னது ஜின்சனுக்குப் பிடித்துப்போயிற்று. சங்கத்துக்கு இந்த மாதிரி ஆள்தான் வேண்டும் என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். நீல நாடாவில் கோத்த அட்டை. அதில் அவள் பெயரும், அதன் கீழே மெயின் போட்டோகிராபர் என்றும் அச்சிட்டிருந்தது. பின்சி அதைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

பூசை முடியும்வரை கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டு கையாலும் நாடாவை விரித்துப் பிடித்தார். பின்சி தலையைக் குனிந்தாள்.

மணிக்கயிற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார் சூசையப்பன். ஜின்சனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சார், பீடத்துக்கு முன்னால நின்னு அவ கழுத்துல நீங்க ஒண்ணும் மாட்டாதீங்க. அது லிபின் மாட்டுற இடம். இன்னைக்குக் கல்யாணமே இவளுக்குத்தான்."