செத்துப்போன ஒரே டிஸ்க்

சீடிப் பரியாரியாரின் கையில் உயிர்விட்ட டிஸ்க் இந்த உலகத்தில் கிடையாது. சொன்னது நானில்லை, அவரேதான். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கை முகப்பில் அவர் கடை. புதுக் கொம்பியூட்டர்களில் டிஸ்க் போடுகிற வாயே இல்லாமல் போன பிறகும் அவர் கடையைப் பூட்டவில்லை. ஊராரின் கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கட்டாருக்குப் போனவனின் பிரியாவிடை எல்லாம் இன்னும் டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. வாசிக்காவிட்டால், நோய்க்கு நாட்டுவைத்தியரிடம் ஓடுவதுபோல் அவரிடம்தான் ஓடவேண்டும்; பரியாரியார் என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

டிஸ்க்கை வாங்கி லேசில் டிரைவில் போட மாட்டார். விளிம்பில் விரல் வைத்து, நாடி பார்ப்பவர் மாதிரிக் கண்ணை மூடுவார். பிறகு விசாரணை.

"கடைசியா எதில போட்டீங்க?"

"மச்சான்ட டிரைவில."

"கண்ட கண்ட இடத்தில போட்டா இப்பிடித்தான்."

யாராவது சாரத்து நுனியால் டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றித் துடைத்தால் தொலைந்தான். "நடுவில இருந்து வெளியால நேராத் துடைக்கணும். வட்டமாத் துடைக்க இதென்ன தோசைக்கல்லா?" சுகமான டிஸ்க்குக்குப் பத்தியம் வேறு சொல்லி அனுப்புவார். வெயில் ஆகாது, ஸ்டிக்கர் ஆகவே ஆகாது.

இந்த மனிசனிடம்தான் என் தங்கச்சியின் கல்யாணம் போய்ச் சிக்கியது.

எங்கள் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழி. அம்மா, மாமா, நான், தங்கச்சி எல்லாரும் ஒரு குடி. வீட்டில் அப்பா மட்டும் வேறு குடி. கோயில் திருவிழா முடிவில் குடிகுடியாகக் கூப்பிட்டுப் பிரசாதம் கொடுப்பார்கள். பல வருசத்துக்கு முந்திய ஒரு திருவிழாவில் முதலில் கூப்பிட்டது யாருடைய குடியை என்று, கல்யாணம் பேச வந்த இடத்தில் அப்பாவும் மாமாவும் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

பழுகாமத்தில் இருந்து வந்த மாமா சால்வையை உதறி எழும்பினார். "எங்கட குடிதான் முதல். இல்லையெண்டா நான் கலியாணத்துக்கு வரமாட்டன்."

"உங்கட குடி முதலெண்டா நான் பந்தலுக்க வரமாட்டன்," என்றார் அப்பா. பெண்ணைப் பெற்றவர் பேசுகிற பேச்சு.

யார் வென்றாலும் பந்தலில் ஒரு ஆள் குறையும். தங்கச்சி அறைக்குள் அழுதாள். அந்த நேரம் பார்த்து அலுமாரியில் அந்தத் திருவிழாவை வீடியோ எடுத்த டிஸ்க் கிடப்பது அப்பாவுக்கு ஞாபகம் வந்து தொலைத்தது.

கூட்டாளி ஒருவனின் கொம்பியூட்டரில் போட்டோம். கொஞ்சநேரம் சுற்றிவிட்டு, டிஸ்க்கைப் போடவும் என்றது. "போட்டுத்தானே கிடக்கு," என்று அப்பா அதனோடும் சண்டைக்குப் போனார்.

பரியாரியார் முழுக்கதையையும் கேட்டார். இந்தப் பக்கக் கதிரையில் அப்பா, அந்தப் பக்கக் கதிரையில் மாமா, வாசலில் வீங்கிய கண்ணோடு தங்கச்சி. அவளை ஒருதரம் பார்த்தார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். துடைத்தார், வேகத்தைக் குறைத்தார், வேறு டிரைவில் மாற்றிப் போட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"செத்திட்டு."

"உங்கட கையில ஒண்டும் சாகாதெண்டு சொன்னீங்களே?" என்றார் மாமா.

"இது செத்திட்டு. என்னால ஏலா."

அவர் வாயில் 'ஏலா' வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

"வெறும் வாய்தான் மச்சான்," என்றார் அப்பா. "இந்தாளிட்டக் கொண்டுவந்தது நம்மட பிழை," என்றார் மாமா. அவரைத் திட்டுவதில் இரண்டு குடியும் ஒன்றாகி, சேர்ந்தே வீட்டுக்கு நடந்தன. கல்யாணப் பந்தலிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு, வந்த சனத்துக்கெல்லாம் பரியாரியாரின் தோல்வியையே பரிமாறினார்கள்.

கல்யாணம் முடிந்த கிழமை அந்த டிஸ்க்கை வாங்கப் போனேன். கடைத் திரையில் எங்கள் கோயில். குடிகளைக் கூப்பிடத் தொடங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. என்னைக் கண்டதும் பதறி நிறுத்தினார்.

"யாருட குடி முதல்?" என்றேன்.

"தங்கச்சி சந்தோசமா இரிக்காளா மனே?"

"ஓம்."

"அப்ப இது செத்த டிஸ்க்தான். போ."

அந்தத் தோல்விக் கதை பரவியதில் இப்போது அவரிடம் ஆட்கள் வருவது குறைவு. நான் மட்டும் நன்றாக ஓடுகிற டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டு, "வாசிக்குதில்ல பரியாரியார்" என்று அடிக்கடி போய் நிற்கிறேன். அவர் விளிம்பில் விரல் வைத்துக் கண்ணை மூடுவதை எனக்குப் பார்க்க வேண்டும்.