நத்தைக்கு விதி எழுதியவர்

நத்தைப் பெண்ணுக்கு விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. டேல் ஹால்வர்சன் பொருளடக்கத்தை மூன்றாம் முறையாகப் பார்த்துவிட்டார். மனிதர், எல்ஃப் எனும் வனதேவர், குள்ளர் என்று எல்லா இனத்துக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. வெர்னா கேட்டதோ நத்தை.

விஸ்கான்சினின் அந்தச் சிற்றூரில், சனிக்கிழமைதோறும் நூலகத்தின் பின்னறையில் பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கற்பனை ராஜ்யத்தில் அலைவது அவர்கள் வழக்கம். கதையை நடத்துபவர் டேல். ஆள் நாலுக்குக் குறைந்தால் அறை, ஒட்டுப்போர்வை தைக்கும் சங்கத்துக்குப் போய்விடும். ஒருவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனதும் அந்த நிலைமை வந்தது. கூட ஆடும் ஹார்லன்தான் தன் மனைவி வெர்னாவை அழைத்துவந்து மானத்தைக் காப்பாற்றினார். வெர்னாவும் மனம் கோணிப் போய்விட்டால் டேலின் பதினெட்டு வருஷ ராஜ்யம் அம்போ.

"எனக்காக மெனக்கெடாதீங்க டேல். விதி இல்லன்னா என் நத்தை கோட்டை வாசல்லயே உக்காந்திருக்கட்டும்," என்றார் வெர்னா.

அந்த ஊரில் யாராவது வேண்டாம் என்றால், இன்னும் இரண்டு தரமாவது வற்புறுத்துவதுதான் மரியாதை. ஒரு வாய் காபிக்கே அப்படி. டேல் ஒரு வாரம் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கம் விதி எழுதினார்.

அதைப் படித்த வெர்னாவின் முகம் வாடிவிட்டது. நத்தையால் படியேற முடியாதே, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றார். டேல் கோட்டையின் நூற்று நாற்பது படிகளையும் இடித்துச் சரிவுப் பாதை போட்டார். அதில் ஹார்லனின் குள்ளர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம், உப்பு பட்டால் நத்தை செத்துவிடுமே என்று வெர்னா இழுத்தார். டேல் கடலையே வற்றவைத்துவிட்டார். எல்ஃபாக ஆடும் ஓர்வில் எட்டு மாதமாகக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். கப்பல் சேற்றில் சாய்ந்து நின்றது.

"ஒரு நத்தைக்காக ஒரு சமுத்திரமா?" என்று கேட்டார் ஓர்வில்.

இத்தனை செய்தும் வெர்னா ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை. கடைசி அஸ்திரமாக டேல் அவரை நத்தை மகாராணி ஆக்கினார். இனி மகாராணி வாய் திறந்து உத்தரவு போட்டால்தான் யாரும் ஓர் அடி எடுத்துவைக்க முடியும்.

வெர்னாவுக்கு வியர்த்துவிட்டது. கை கழுவிவிட்டு வருவதாக எழுந்து போனவர் இருபது நிமிஷமாகத் திரும்பவில்லை.

டேல் பேனாவைத் திறந்துகொண்டு ஹார்லன் பக்கம் சாய்ந்தார். "இன்னும் என்ன குறைன்னு சொல்லுப்பா. இப்பவே எழுதிடறேன்."

ஹார்லன் வாயிலிருந்த சீஸை நிதானமாக மென்று முடித்தார்.

"அவளுக்கு இந்த விளையாட்டே பிடிக்காது டேல். உன் அறை கைவிட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் வந்தா. விதியே இல்லாத இனம் எதுன்னு என்கிட்ட கேட்டுத்தான் நத்தைய எடுத்தா."