ஆஜர் சொல்லாத பிள்ளைகள்

சுதந்திரம் வந்த மறு வருஷம். நாட்டில் எல்லாருக்கும் பேச்சுரிமை கிடைத்துவிட்டதால், திருத்தணி செவிடர் பள்ளிக்கூடத்துக்கும் அதை உடனே வழங்கிவிடுவதென்று கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் பாலசுப்பிரமணியன் திருவுள்ளம் பற்றினார். வந்ததும் ஆஜர் எடுத்தார்.

"பாஞ்சாலி!"

டீச்சர் தமயந்தி கை காட்ட, பாஞ்சாலி எழுந்து தன் மோவாய்த் தழும்பை ஒரு விரலால் தொட்டாள். அதுதான் அவள் பெயர். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஒரு கைப்பெயர் உண்டு. தமயந்தி வருமுன் ஊரில் எல்லாருக்கும் 'ஊமை' என்று ஒரே பெயர்தான்.

"குரங்குச் சேட்டை வேணாம். வாய்விட்டு 'உள்ளேன் ஐயா' சொல்லணும்."

"அவங்களுக்குக் காது கேக்காதுங்க. கையாலேதான் பேசுவாங்க," என்றாள் தமயந்தி.

"அது அவங்க சொந்த விஷயம். சர்க்காருக்குக் காது கேக்குது இல்லே? சொல்லாதவங்க வரலேன்னு அர்த்தம்."

பிள்ளைகள் அத்தனை பேரும் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்க, ஒருவரும் வரவில்லை என்று முடிவாயிற்று. பிள்ளைகள் வராத பள்ளிக்கூடம் எதற்கு? மூடிவிட உத்தேசித்தார். ஆனாலும் ஜனநாயகம் அல்லவா? ஆட்சேபம் கேட்க ஊரைக் கூட்டினார்.

தமயந்தி பாஞ்சாலியின் அப்பா கஜபதியிடம் ஓடினாள். "நீங்க ஒரு வார்த்தை பேசுங்கண்ணா. இல்லேன்னா பாஞ்சாலி மறுபடியும் மாட்டுக்கொட்டாயிலே கெடப்பா."

"ஆங், பேசாம இன்னாம்மா? எம்பொண்ணு கையிலே கதை சொல்லிகினு இருந்தா பார்த்துகினே இருக்கலாம்!"

மலையடிவாரச் சத்திரத்தில் கூட்டம். இன்ஸ்பெக்டரின் பக்கத்தில் அவர் மச்சான் தாசில்தார் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"ஆட்சேபம் உள்ளவங்க வாய்விட்டுச் சொல்லலாம்."

கஜபதிக்குத் தாலுகா ஆபீசில் பட்டா நிலுவை. பூக்கடைத் துளசிங்கத்துக்கு லைசென்ஸ். மற்றவர்களுக்கும் ஏதேதோ. கஜபதி தொண்டையைக் கனைத்தார். தாசில்தார் திரும்பிப் பார்த்ததும் அது இருமலாகிவிட்டது.

பிள்ளைகள் மட்டும் இரண்டு கையாலும் கத்தினார்கள். கை கணக்கில் சேராது. 'ஆட்சேபம் எதுவும் காதில் விழாதபடியால்' பள்ளிக்கூடம் மூடப்பட்டது.

பாஞ்சாலி அப்பாவின் மூடிய வாயைப் பார்த்தாள். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு டீச்சரைத் தொட்டுக் கையால் கேட்டாள்:

"இவங்களுக்கும் பேச்சு வராதா?"

"வராது," என்றது தமயந்தியின் கை.

"ஐயோ பாவம். பள்ளிக்கூடத்தை மூடிட்டா இவங்களுக்கு யாரு கத்துக்குடுப்பாங்க?"