நூற்றுப் பன்னிரண்டு சதவீதம்

"நாப்பத்தொண்ணா?" என்று அலறினார் மேலாளர். "நாப்பத்தொண்ணை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"அது நான் வெச்ச நம்பர் இல்ல சார். வரவேண்டிய பொம்பளைங்க நூறு பேர்னா, வந்தது நாப்பத்தொரு பேர்."

சொன்னவர் அந்தச் சுகாதார மையத்தின் புள்ளிவிவர அலுவலர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'புள்ளி'. வெளியே புள்ளி என்றால் பெரிய மனிதர் என்று அர்த்தம். இங்கே, வைத்த இடத்தைவிட்டு நகராதவர் என்று அர்த்தம்.

தேசிய கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தின் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பங்கேற்பு சதவீதத்தை அனுப்ப வேண்டும். அறுபதுக்குக் கீழே போனால், மக்களுக்கு விருப்பமில்லாத சேவை என்று கருதி அறை மூடப்படும். அறை என்பது ஒரு கட்டில், ஒரு விளக்கு, ஒரு திரை, ஒரு நர்ஸ். இதை விட்டால் அடுத்த அறைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே வராதவர்கள் பஸ் மாறி வருவார்கள் என்று தலைமையகம் மட்டும்தான் நம்பியது.

"மேல இருக்கற நம்பர் ஏறலைன்னா, கீழ இருக்கற நம்பரைக் குறைய்யா. பள்ளிக்கூடத்துல பின்னம் படிக்கலையா?" என்றார் மேலாளர்.

அதில் ஒரு நியாயமும் இருந்தது. கருப்பை எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பரிசோதனை தேவையில்லை. அவர்களைப் பட்டியலில் வைத்திருப்பது வீண். செவ்வாய்க்கிழமை காலை ரிசப்ஷன் பெண் தொலைபேசியோடு உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்களுக்குக் கருப்பை இருக்கா?"

"இல்ல, எடுத்தாச்சு." டொக்.

யாரென்றே தெரியாத ஒருத்தி காலங்காத்தாலே இப்படிக் கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தை வீறிட்டு அழ அழ, "அது எடுத்து மூணு வருஷமாச்சுங்க" என்றாள். குழந்தைக்கு எட்டு மாதம். ரிசப்ஷன் பெண் எதையும் ஆராயாமல் டிக் அடித்துக்கொண்டே போனாள்.

மாலையில் சதவீதம் அறுபத்திரண்டு. மேலாளருக்கு வாயெல்லாம் பல். புதன்கிழமை காலை தலைமையகத்திலிருந்து போன் வந்ததும் ஒரு பல்கூடத் தெரியவில்லை.

"உங்க ஊர்ல மூணுல ஒருத்தருக்குக் கருப்பையே இல்லையாமே! எந்த ஆஸ்பத்திரி சார் இப்படி அறுத்துத் தள்ளுது? விசாரணைக் குழு அனுப்பட்டுமா?"

"டைப்பிங் மிஸ்டேக் சார்," என்று மேலாளர் கூசாமல் புளுகினார். ஒரே நாளில் ஊரிலிருந்த அத்தனை கருப்பைகளும் பட்டியலுக்குத் திரும்பி வந்தன.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி. மறுபடி நாற்பத்தொன்று. புள்ளி கையைப் பிசைந்துகொண்டிருக்க, ரிசப்ஷன் பெண் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து மேலாளர் முன் வைத்தாள்.

"இதுல இருக்கறவங்க எல்லாரும் வர்றேன்னு சொன்னவங்க சார். பிரஷர் மாத்திரை வாங்க வரும்போது பரிசோதனைச் சீட்டு குடுப்பேன். ஒருத்தர்கூட மாட்டேன்னு சொன்னதில்ல."

"என்ன சொல்வாங்க?" என்றார் புள்ளி.

"'சரிம்மா, வர்றேன்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

புள்ளி தலையில் அடித்துக்கொண்டார். நம் மொழியில் போகிறவர் யாராவது 'போறேன்' என்று சொல்லியிருக்கிறாரா? "அது விடைபெறுறதும்மா! வர்றேன்னா கிளம்பறேன்னு அர்த்தம்!"

"வர்றேன்னா வர்றேன்னுதான்யா அர்த்தம். உனக்குத் தமிழ் தெரியாதா?" என்று மேலாளர் நோட்டைப் பிடுங்கினார். "நோட்டுல எத்தனை பதிவு இருக்கோ அத்தனையையும் மேல ஏத்து."

மாத்திரை வாங்குகிறவர்கள் மாதாமாதம் வருவார்கள், மாதாமாதம் 'வர்றேன்' என்பார்கள் என்பதை விளக்கப் புள்ளி வாயைத் திறப்பதற்குள் மேலாளர் பொத்தானைத் தட்டிவிட்டார். நூற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் பரிசோதனை செய்துகொண்டதாகத் தலைமையகத்துக்குத் தகவல் போனது.

விசாரணை நிச்சயம் என்று புள்ளி நடுங்கினார். குறைந்தால்தானே விசாரணை? திங்கட்கிழமை பாராட்டுக் கடிதம் வந்தது. புதன்கிழமை பத்து மணிக்கு அதிகாரி ஒருவர் நேரில் வருகிறாராம், வண்டியோடு.

"போட்டோ எடுப்பாங்க," என்றார் மேலாளர். "ரூம் வாசல்ல வரிசை நிக்கணும். உன் வீட்டம்மாவிலேர்ந்து ஆரம்பி."

மனைவியின் பெயரைப் பட்டியலில் தேடினார் புள்ளி. இருந்தது. போன வாரத்து டிக் அழிக்கப்பட்ட தடத்தோடு இருந்தது.

வீட்டில் அவள் தையல் மெஷினில் குனிந்திருந்தாள்.

"உனக்குக் கருப்பையை எப்ப எடுத்தாங்க?"

"போன செவ்வாய்க்கிழமை. பதினொண்ணே காலுக்கு. போன்லயே எடுத்துட்டாங்க."

"விளையாடாதே. உனக்கு ஒம்பது கடிதம் அனுப்பியிருக்கேன்."

"அனுப்பினீங்க, 'மதிப்பிற்குரிய பயனாளிக்கு'ன்னு. ஒரே வீட்டுல இருக்கற மனுஷன் வாயைத் தொறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?" மெஷினை நிறுத்தினாள். "எங்க சித்தி அந்த நோயிலதாங்க போனாங்க. நான் அங்க போய், எனக்கும் இருக்குன்னு சொல்லிட்டா? அந்தப் பயத்துலதான் போகல."

ஊரில் எத்தனை பெண்கள் வரவில்லை என்று தசமப் புள்ளியோடு சொல்லத் தெரிந்தவருக்கு, ஏன் வரவில்லை என்று ஒருத்தியிடம்கூடக் கேட்கத் தோன்றியதில்லை. புள்ளிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

"நானும் கூட வர்றேன். வெளியவே உக்காந்திருக்கேன்."

"போட்டோவுக்கா?"

"போட்டோ கிடக்குது. நீ பண்ணிக்கணும்."

அவள் மெஷினை மூடிவைத்தாள். பிறகு துணி தைக்க வருகிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். "நான் போறேன், நீயும் வா" என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். ஒன்பது கடிதங்கள் செய்யாததை அந்த நான்கு சொற்கள் செய்தன.

புதன்கிழமை எட்டு மணிக்கே வரிசை கேட் வரை நின்றது. நாற்பத்துமூன்று பேர். மேலாளர் தலைவாரி, சட்டை மாற்றி, நாற்பத்துமூன்று பேரும் தன் முகத்துக்காகவே வந்த மாதிரி உலாத்தினார். நர்ஸ் தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை. வெளியே வந்தவர்கள், "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் பயந்தோம்?" என்று சிரித்தார்கள். அதைக் கேட்டுப் பின்னால் நின்றவர்களுக்கும் முகம் தெளிந்தது.

பத்து மணிக்குப் பதினெட்டுப் பேருக்கு முடிந்திருந்தது. அடுத்தது புள்ளியின் மனைவி. அவள் கை சில்லிட்டிருந்தது. அவர் யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெரிய மூடிய வண்டி ஒன்று உள்ளே வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். மேலாளர் ஓடிப்போய்க் கை குலுக்கி, பாராட்டுப் பத்திரத்தை வாங்கி, இல்லாத கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"அடுத்தது வாங்கம்மா," என்று நர்ஸ் திரையை விலக்கினாள். மனைவி ஒரு அடி எடுத்து வைப்பதற்குள், வண்டி டிரைவர் இரண்டு ஆட்களோடு குறுக்கே புகுந்து கட்டிலின் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"ஏய், என்னப்பா பண்றே?" என்றார் புள்ளி.

டிரைவர் பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நூத்துக்கு நூத்திப் பன்னெண்டு பேரும் முடிச்சாச்சாமே சார், இனி இந்த ஊருக்கு ரூம் எதுக்குன்னு மூடச் சொல்லிட்டாங்க, கட்டிலை ஏத்திட்டுப் போகத்தான் வண்டி கொண்டாந்தேன்."