கற்களுக்கு ஒரு மாற்றல் உத்தரவு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தை. அதற்கடுத்த பெரிய காரியம் எங்கள் ஓடை நல அலுவலகத்தில்தான் நடந்தது. நாங்கள் கற்களுக்கு மாற்றல் உத்தரவு போட்டோம். உதவி அதிகாரி என்ற முறையில் அதைத் தட்டச்சு செய்த பெருமை அடியேனுக்கு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓடை நலமா என்று அறியத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பது பாமரர் வழக்கம். எங்கள் வழக்கம் வேறு. ஓடைக்கல்லை எடுத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அதன் முதுகைத் தேய்த்து, வருகிற வழவழப்பை நுண்ணோக்கியில் பார்ப்போம். இழையாக, பிறையாக, கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருப்பதாக, விதவிதமான பாசி தெரிந்தால் ஓடை நலம். ஒரே வகைதான் என்றால் தண்ணீர் கெட்டுவிட்டது.

எங்கள் ஓடை மேலே மர நிழலில் நல்லபடியாகத்தான் பிறக்கிறது. நடுவில் சாயப்பட்டறையோடு சகவாசம் ஏற்பட்டு, வெதுவெதுப்பாக, வாரத்துக்கு ஒரு நிறமாகக் கீழ்த்தெருவுக்குள் நுழைகிறது. அங்கே எந்தக் கல்லை எடுத்தாலும் ஒரே பாசி, சீவாத தலைமுடி மாதிரி. அப்படியொரு ஒற்றுமையை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

கீழ்த்தெருவில் என் அக்கா குடியிருக்கிறாள். குடிக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். அவளுடைய சின்ன மகளுக்கு உடம்பெல்லாம் சொறி.

"தலைமையகத்துலேருந்து ஆய்வாளரம்மா வராங்களாமே. தண்ணி கெட்டுப்போச்சுன்னு அவங்க எழுதிட்டா, மேலேருந்து எங்களுக்குத் தனிக் குழாய் வருமாமே, நெஜமாடா?"

"நெஜந்தான்க்கா."

"அப்ப நீ எங்களுக்காக ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இரு, போதும்."

என் உத்தியோகத்தில் சும்மா இருப்பது கஷ்டமே இல்லை. ஆனால் இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டுவிட்டார்.

"ஓடை கெட்டுப்போச்சுன்னு எழுதினா யாருக்குக் கெட்ட பேரு?"

"பட்டறைக்கு சார்" என்றார் வெள்ளந்தியான மூத்த எழுத்தர்.

"நமக்குய்யா! சரி, தண்ணிய மாத்த முடியுமா?"

"பட்டறைய நிறுத்தினா மாறிடும் சார். ஆனா அது உங்க மச்சினரோடது."

இயக்குநர் கண்ணை மூடினார். திறந்தபோது உலகம் வேறாக இருந்தது. "அப்ப கல்லை மாத்துங்க."

'நிர்வாக நலன் கருதி, மேல் ஓடையில் பணிபுரியும் கற்கள் தற்காலிகமாகக் கீழ் ஓடைக்கு மாற்றப்படுகின்றன.' கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் ஆண்டவன் என்பார்கள். கல்லுக்கு மேல் இருக்கும் பாசிக்கும் பயணப்படி அளந்தவர் எங்கள் இயக்குநர். கற்கள் ஈரச் சாக்கு போர்த்தி, குலுங்காமல், லாரியில் வந்தன. அக்கா சொன்னது காதில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் பதவி உயர்வு வரிசையில் அடுத்த ஆள் நான் என்பதால் லாரியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஆய்வாளரம்மா கரையில் மேசை போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, நுண்ணோக்கிக்குள் குனிந்தார். நிமிரவே இல்லை.

"இந்தத் தண்ணியிலயா இத்தனை வகை? பார்த்தா ஊதாவா ஓடுது, நாத்தம் வேற."

"மேடம், விதிப்படி நாம மூக்கை நம்பணுமா, கல்லை நம்பணுமா?" என்றார் இயக்குநர்.

"கல்லைத்தான்."

'ஓடை நலம். தனிக் குழாய் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பியதுமே இயக்குநர் பதறினார். "சீக்கிரம், கல்லையெல்லாம் லாரியில ஏத்துங்க."

"அதான் எழுதிட்டாங்களே சார். இங்கேயே கிடக்கட்டுமே" என்றார் எழுத்தர்.

"கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேணாமாய்யா? உசுருள்ள ஜீவன். இந்தத் தண்ணியில ரெண்டு நாள் கிடந்தா செத்துப்போயிடும்."

சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. கண்ணுக்கே தெரியாத உயிருக்காகக் கலங்கும் அதிகாரி எத்தனை பேருக்கு வாய்ப்பார்? மறுபடி ஈரச் சாக்கு வந்தது. ஒவ்வொரு கல்லையும் கைக்குழந்தையைப் போலத் தூக்கி ஏற்றினோம்.

படித்துறையில் அக்கா குடத்தோடு நின்றிருந்தாள். பக்கத்தில் சின்னது, முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தது. இயக்குநர் சொன்னதை அவளும் கேட்டிருக்கிறாள். கடைசிக் கல் ஏறும்வரை குடத்தை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"தம்பி, லாரியில இன்னும் இடம் இருக்கா?"

"எதுக்குக்கா?"

மகளை என் பக்கம் நகர்த்தினாள்.

"இவளையும் மேல கொண்டுபோய் விட்டுடு. யாராவது கேட்டா கல்லுன்னு சொல்லிக்கோ."