ஐந்தாவது பாட்டும் பரமலிங்கத்தின் மிசினும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரி கோடை பாராமல் எல்லாக் காலத்திலும் காணக்கிடைக்கும் ஓர் உயிரினம், வெளியீட்டாளர். நூல் வெளியிடுபவர், மலர் வெளியிடுபவர், இறுவட்டு என்கிற பாட்டுச் சீடி வெளியிடுபவர் என்று இந்த இனத்தில் பல வகை. நீங்கள் அவரைத் தேடிப் போகவேண்டியதில்லை. அழைப்பிதழோடு அவரே வந்து உங்கள் வீட்டுப் படலையைத் தட்டுவார். திறக்காவிட்டால் மதிலுக்கு மேலால் நீட்டுவார். இன்று நாம் பார்க்கப்போவது இறுவட்டு வகை. அதிலும் நன்றாக முற்றிய ஒருவர்: அச்சுவேலி சிவரூபன்.

சிவரூபனுக்கு ஓர் உத்தியோகம் உண்டு, ஒரு மனைவி உண்டு, இரண்டுக்கும் மேலாகச் ‘செம்பாட்டான் இசையகம்’ உண்டு. வீட்டின் பின்னறையில் சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டி, யன்னலுக்கு ஒரு பழைய மெத்தையைச் சாத்தி, கணினி ஒன்றும் மைக் ஒன்றும் வைத்தால் அதுதான் இசையகம். ஆறு வருடத்தில் ஏழு இறுவட்டு. பெரிய கம்பனிகள் திரும்பியும் பாராத குரல்களை உலகுக்கு எடுத்துச் செல்வதே எமது இலட்சியம் என்று ஒவ்வோர் அழைப்பிதழின் பின்பக்கத்திலும் அச்சிட்டிருப்பார். உலகு என்பது அநேகமாக அதே நூற்றிருபது பேர்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. பாட்டு எப்போது முடியும் என்று கேளுங்கள், தெரியாது என்பார். மண்டபம் எப்போது என்று கேளுங்கள், நாள், மணி, நிமிடத்தோடு சொல்வார். விழா நாளில் மங்கல விளக்கேற்ற ஒன்பது பேர் கூட, விளக்குக்கோ ஐந்து திரிதான் இருக்க, மிச்ச நால்வர் ஏற்றுகிறவர்களின் முழங்கையைத் தொட்டபடி நிற்க, வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை எல்லாம் ஒழிந்து, கனடாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் மேடையேறி முதற்பிரதி வாங்க, அவருக்குப் பின்னால் சிறப்புப் பிரதிக்காரர்கள் பெயர் பெயராக அழைக்கப்பட்டு, இறுவட்டின் ஒரு கரையைத் தாமும் மறு கரையைச் சிவரூபனுமாகப் பிடித்துக்கொண்டு கமெராவைப் பார்த்துச் சிரித்து இறங்க, நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை. பாட்டா? பாட்டு எங்கே என்றா கேட்கிறீர்கள்? நேரம் போதாமையால் பாடல்களை வீட்டில் கேட்டு மகிழுமாறு அறிவித்துவிட்டு றோல்ஸும் பால் தேத்தண்ணியும் கொடுப்பார்கள்.

ஏழாவது இறுவட்டில் பாடியவர் வல்வெட்டித்துறை மதுரா. பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். எட்டுப் பாட்டில் ஐந்தாவதை அவரே எழுதி அவரே மெட்டும் போட்டிருந்தார். ஒரு பெண் தான் ஒருநாளும் போகாத துறைமுகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும் பாட்டு. விழாவில் நயப்புரை நிகழ்த்தியவர் அந்தப் பாட்டில் மண்ணின் குரல் கேட்கிறது என்று இருபத்தைந்து நிமிடம் விளக்கினார். படி இறங்கும்போது மதுரா சிவரூபனிடம் கேட்டார்:

“அஞ்சாவது எப்பிடி அண்ணை?”

“அற்புதம்,” என்றார் சிவரூபன். “இசையகத்தின்ரை உச்சம் அதுதான்.”

அவர் அதைக் கேட்டிருக்கவில்லை. பதிவின்போது அறையில் இருந்தார்தான்; காதில் தொலைபேசியும் இருந்தது. இறுவட்டைக் கொழும்புக்கு அச்சுக்கு அனுப்பிய அன்று, அழைப்பிதழில் முன்னாள் அதிபரின் பெயர் மேலே வருவதா, ஓய்வுபெற்ற விவசாய உத்தியோகத்தரின் பெயர் மேலே வருவதா என்ற வழக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தார். அழைப்பிதழ் பதினொரு தடவை திருத்தப்பட்டது. இறுவட்டு ஒரு தடவையும் கேட்கப்படவில்லை. ‘5 கடைசி’, ‘5 கடைசிக்கும் கடைசி’ என்று கணினியில் இரண்டு பதிவு இருந்தன. முன்னால் தெரிந்ததை அனுப்பினார்.

மூன்று மாதம் போயிற்று. எட்டாவது இறுவட்டு ‘மீண்டும் மதுரா’ என்று முகநூலில் அறிவித்தாயிற்று. மண்டபம் எடுத்தாயிற்று. விழாத் தலைவர் ஒத்துக்கொண்டார். இருநூறு பேர் வாழ்த்திவிட்டார்கள். ஒத்துக்கொள்ளாதவர் மதுரா ஒருவர்தான். எத்தனை தரம் அழைத்தாலும் அவருடைய தொலைபேசி அடித்து ஓய்ந்தது. மதுரா இல்லையென்றால் எட்டாவது இல்லை; செம்பாட்டான் இசையகத்தில் உண்மையாகவே பாடத் தெரிந்த குரல் அது ஒன்றுதான் என்பது சிவரூபனுக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தோட்டக்காரர் பரமலிங்கம் வேலியோரம் வந்து நின்றார். மதுராவின் பதிவு நடந்த நாளில் தன் மிசினை நிறுத்தி உதவியதற்காக அவருக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தார்கள்.

“தம்பி, உம்மடை வட்டை நான் கேட்டனான்.”

சிவரூபனுக்கு முகம் மலர்ந்தது. “நல்லாயிருக்கோ அண்ணை?”

“நல்லாத்தான் இருக்கு. அஞ்சாவதிலை என்ரை மிசினும் வருது.”

“ஓம் அண்ணை. மண்ணின்ரை ஓசையெல்லோ.”

“மண் இல்லைத் தம்பி. மிசின். தண்ணி இறைக்கிற மிசின். வாரும் காட்டுறன்.”

வெங்காயம் கட்டித் தூக்கியிருந்த கொட்டிலுக்குள் ஒரு பழைய சீடி பிளேயர் இருந்தது. பரமலிங்கம் தினமும் அதைக் கேட்டபடியே வெங்காயம் கட்டுவாராம். ஐந்தாவதைப் போட்டார். மதுரா பாடினார். இரண்டாவது துறைமுகத்தில் டுக் டுக் டுக் என்று மிசின் புறப்பட்டது. பாட்டு நின்றது. “அண்ணை, பரமலிங்கமண்ணையிட்டை அதை ஒருக்கா நிப்பாட்டச் சொல்லுங்கோவன்,” என்றது மதுராவின் குரல். அடுத்து வந்தது சிவரூபனின் குரல், அதுவும் மிகத் துல்லியமாக:

“அவர் கேக்கமாட்டார். அது விசர் மனுசன். நீர் பாடும்.”

பரமலிங்கம் பிளேயரை நிறுத்தினார். பக்கத்துத் தோட்டக்காரரைப் பைத்தியம் என்ற தன் குரலைக் கேட்ட சிவரூபன் வாசல்பக்கம் ஓரடி பின்வாங்கினார். “அண்ணை, அது வந்து...”

“விசரன் எண்டது பரவாயில்லை. என்ரை மனிசி நெடுகச் சொல்லுறதுதான். ஆனா தம்பி, பிறகு நீர் வந்து கேக்க நான் நிப்பாட்டினனானெல்லோ? தோட்டத்திலை கண்டு வாட வாட ரண்டு மணித்தியாலம் நிப்பாட்டினனான். அது ஏன் உதிலை இல்லை?”

நியாயமான கேள்வி. ‘5 கடைசிக்கும் கடைசி’ அந்த இரண்டு மணி நேரத்தில் எடுத்தது; அச்சுக்குப் போனது வெறும் ‘5 கடைசி’. சிவரூபன் மன்னிப்புக் கேட்டபடி வெளியே வந்து வல்வெட்டித்துறைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தார். வழிநெடுக ஒரே கணக்குத்தான்: நூற்றிருபது பிரதி போனது, மூன்று மாதமாயிற்று, ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லாதவர்களில் தானும் அடக்கம் என்பது தொண்டைமானாற்றுப் பாலத்தில்தான் உறைத்தது.

மதுரா கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். சிவரூபன் சொல்லி முடிக்கும்வரை சிவப்புப் பேனையை மூடவில்லை.

“எனக்குத் தெரியும் அண்ணை. விழா முடிஞ்சு வந்து முதல் வேலையா அதைத்தான் கேட்டனான்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். எத்தினை பேர் அஞ்சாவது அற்புதம் எண்டு சொன்னவை தெரியுமோ? மிசின் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இப்பவும் நீங்களாக் கேட்டுத்தானே வந்தனீங்கள்?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் சிவரூபனுக்குத் தோன்றியது. “பரமலிங்கமண்ணை சொல்லி வந்தனான்,” என்றார். “அதுவும் பாதிதான் கேட்டனான்.”

மதுரா கொப்பிகளை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். “அப்ப இருங்கோ. முழுக்கக் கேளுங்கோ.”

“மதுரா, உண்மையிலை அந்தப் பாட்டு...”

“கதையாமல் கேளுங்கோ அண்ணை.”

முதல் நிமிடத்தில் சிவரூபனின் கை இரண்டு தடவை தொலைபேசிக்குப் போய் வந்தது. மிசின் வந்தது. விசர் மனுசன் வந்தார். காது சுட்டது. அதற்குப் பிறகுதான் அவர் கேளாத பகுதி தொடங்கியது. மிசின் நிற்கவில்லை; மதுரா அதோடு மல்லுக்கட்டவும் இல்லை. அதன் அடிக்குத் தன் பாட்டை மெல்ல இறக்கி, கொச்சி என்று சொல்லிக் கொஞ்சம் நின்று, அக்கியாப் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் நின்று, ஏதோ ஒரு பழைய கப்பல் அவரையும் ஏற்றிக்கொண்டு போவதுபோலப் பாடினார். இரங்கூனில் குரல் உடைந்தது. அதை அவர் மறைக்கவில்லை. ஆறு வருடத்தில் ஏழு இறுவட்டு வெளியிட்ட மனிதர் ஒரு பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருந்து கேட்டது அன்றைக்குத்தான். வெட்கமாக இருந்தது. பாட்டு முடிந்துவிட்டதே என்று அதைவிடக் கவலையாக இருந்தது.

“இப்ப சொல்லுங்கோ. எப்பிடி?”

அற்புதம் என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினார். “இன்னொருக்காப் போடும்,” என்றார்.

மதுரா போட்டார். இரண்டாவது தடவையும் முடிந்தபின், “சரி, பாடுறன்,” என்றார். “ஆனா வெளியீட்டிலை ஒரு பேச்சும் வேண்டாம். சனம் இருந்து பாட்டைக் கேக்கவேணும்.”

“சத்தியமா,” என்றார் சிவரூபன். மனதாரத்தான் சொன்னார்.

அந்தச் சத்தியம் தொண்டைமானாற்றுப் பாலம்வரை பழுதில்லாமல் வந்தது. பாலத்தில் ஒரு யோசனை: பேச்சில்லாத வெளியீடு குடாநாட்டுக்கே புதிது, ஏன் பேச்சில்லை என்று சனத்துக்கு யாராவது விளக்கவேண்டாமா? விளக்குகிறவரை யாராவது அறிமுகம் செய்யவேண்டாமா? அச்சுவேலிச் சந்திக்கு வருமுன் நிகழ்ச்சிநிரல் பாட்டை விட்டே ஒன்பதாகிவிட்டது. பரமலிங்கத்துக்குப் பொன்னாடையும் அதில் சேர்ந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே வேலிக்குப் போய்ச் சொன்னார்.

“பொன்னாடை வேண்டாம் தம்பி,” என்றார் பரமலிங்கம். “பிள்ளை பாட வாறது எத்தினை மணிக்கு எண்டு சொல்லும். அதுக்கு முதலே இறைச்சு முடிக்கிறன்.”

சிவரூபன் வேலியோரம் நின்றபடியே நிரலில் எட்டை வெட்டினார். ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அது விளக்கேற்றல், இனத்தின் குணம் ஒரேயடியாகப் போகுமா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நண்பர் அனுப்பிய பாட்டுக்குத் திறக்காமலே ‘அருமை’ என்று பதில் போட்டவர் நீங்கள் இல்லைத்தானே? தலைப்பைப் பார்த்துவிட்டு நேரே இந்தப் பந்திக்குத் தாவியவரும் வேறு யாரோவாகத்தான் இருக்கவேண்டும். மண்ணின் குரல் என்று இருபத்தைந்து நிமிடம் பேசிய அந்த நயப்புரைகாரர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்தான் இவ்வளவு நேரமும் உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பிரதியைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாள் நேற்றுத்தான் கிழிந்தது. எழுந்து போய் உங்கள் அலுமாரியில் இருக்கும் இறுவட்டையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.