தாகம் நடித்த படம்

"வேணாம்னா வேணாம்! என் வீட்டுல அந்தப் படம் ஓடக் கூடாது!"

"ஏன் கூடாது? கல்யாணமான நாள்லேர்ந்து அந்த ஒரு படத்தைச் சொல்லியே என் காதை ஓட்டை போட்டீங்க. மாப்பிள்ளை எங்கெங்கயோ தேடிப் பிடிச்சுக் கொண்டு வர்றாரு. இப்பப் போய் வேணாமாம்!"

பிளம்பரும் அவர் மனைவியும் போட்ட சத்தம் எல்லா மாடிக்கும் கேட்டது. கேட்காதவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டோம்.

பிளம்பரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தெருவில் அவர் 'தாகம்'. ஊருக்கெல்லாம் தண்ணீர் வரவைக்கிற மனிதருக்கு அப்படியொரு பெயர் வந்ததற்கு அந்தப் பழைய படம்தான் காரணம். பாலைவனத்தில் வழி தவறிய ஒரு கூட்டம் உயிர் பிழைக்கப் படும் பாடுதான் கதை. அதில் கடைசிச் சொட்டுத் தண்ணீரை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, "தாகம்..." என்று முனகியபடி கதாநாயகன் மடியில் உயிரை விடுகிறவர் தாம்தான் என்று, சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தைச் சின்ன வயதில் நாங்களும் பார்த்திருக்கிறோம். அவர் சொல்லச் சொல்ல, திரையில் அவரைப் பார்த்ததும், தேம்பித் தேம்பி அழுததும் எங்களுக்கே ஞாபகம் வந்துவிட்டது.

படத்தில் அவர் இருந்தது பொய்யில்லை. ஒட்டகத்தின் பின்னங்கால்களாக இருந்தார்.

நிஜ ஒட்டகம் டைரக்டரைக் கடித்துவிட்டு ஓடிப்போனதால், துணியில் ஒரு ஒட்டகம் தைத்து உள்ளே இரண்டு ஆட்களை நுழைத்தார்கள். முன்னங்காலாக இருந்தவனின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. குனிந்த நிலையில் கண்டதெல்லாம் அந்த ஆளின் பின்பக்கம்தான். வேலை முடிந்ததும் வெட்கப்பட்டு ஆளுக்கொரு திசையில் நழுவிவிடுவார்கள். அப்போது இது எங்களுக்கும் தெரியாது, கட்டிய மனைவிக்கே தெரியாது.

இப்போது மகளின் கல்யாணமே இதில் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்: "எதை வேணா மன்னிப்போம் சம்பந்தி. பொய்யை மட்டும் மன்னிக்க மாட்டோம். இவரையே பாருங்க, சினிமாப் பக்கம்கூட ஒதுங்கினதில்ல!"

'இவர்' எனப்பட்ட மாப்பிள்ளையின் அப்பா தலையை மட்டும் ஆட்டினார். மனைவி பேசும்போது அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பேசி முடிக்க வந்தார்கள். கையோடு படமும் வந்தது. தாகம் முன்கூட்டியே டிவி பிளக்கைப் பிரித்து உள்ளே ஒயரைக் கழற்றி வைத்திருந்தார். மாப்பிள்ளை எலெக்ட்ரீஷியன் என்பது அந்த அவசரத்தில் மறந்துபோயிருந்தது.

"டீ ஆறுறதுக்குள்ள சரி பண்ணிட்டேன், மாமா!"

"அதில்ல மாப்ள... என் சீனையே வெட்டிட்டாங்கன்னு கேள்வி."

"அதனாலதான் மாமா, வெட்டாத காப்பியா பார்த்துப் பிடிச்சேன்!"

தொழிலாவது கைகொடுக்கும் என்று தாகம் சமையலறைக்குப் போனார். சிங்க் அடிக் குழாயின் நட்டைத் தளர்த்தினார். வீடு முழுக்க வெள்ளம் வந்தால் யார் படம் பார்க்கப் போகிறார்கள்?

வெள்ளம் வந்தது. கூடவே வாளிகளோடு நாங்களும் வந்தோம். இறைத்துக் கொட்டிவிட்டு ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டோம்.

"என்னண்ணே, உங்க படமா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் மாடி வீட்டு டெய்லர்.

நாலு பேர் முன்னால் போகவிருந்த மானம், இனித் தெரு முன்னால் போகும்.

படம் ஓடியது. பாலைவனம் எங்கள் ஞாபகத்தில் இருந்ததைவிட ரொம்பச் சின்னது. ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் யாரோ சைக்கிளில் போனார்கள். பிறகு ஒட்டகம் வந்தது. முன்னங்கால்கள் ஒரு பக்கம் இழுக்க, பின்னங்கால்கள் வேறு பக்கம் போயின.

நாற்காலிக்கு அடியில் தாகத்தின் கால்கள் தாமாகவே நடந்தன. "மெதுவாப் போப்பா, மூச்சு முட்டுது" என்று உதடு முணுமுணுத்தது. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, இடுப்பைத் தடவிக்கொண்டார்.

அடுத்து அந்த மடி, அந்த முனகல். தாகம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திரையில் செத்துக்கொண்டிருந்தவர் அவரைவிட ஒரு முழம் உயரம். சுருட்டை முடி. கன்னத்தில் மிளகளவு மச்சம்.

"இதோ நம்ம அண்ணன்!" என்று அலறினார் டெய்லர்.

நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். எங்கள் கண்ணுக்கு அது அவராகத்தான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மூக்கை உறிஞ்சினார். "மச்சம் எங்க போச்சு, சம்பந்தி?"

"மேக்கப்புங்க!" என்று நாங்களே பதில் சொன்னோம்.

"அந்த உயரம்?"

பிளம்பரின் மனைவி திரையைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். "குழாய்க்கடியில குனிஞ்சு குனிஞ்சே இப்படி ஆயிட்டாருங்க" என்றார்.

கல்யாணம் ஜோராக நடந்தது. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கவே, இருவரும் அங்கே குடிபோனார்கள். சாமான் ஏற்றிய அன்று, பெண்ணுக்குக் கொடுத்த பீரோவை மாப்பிள்ளை வீட்டு மாடியிலிருந்து இறக்கச் சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் அப்பா, பின்னால் தாகம். மிக்ஸியையும் தலையணைகளையும் தூக்கிக்கொண்டு நாங்கள்.

"மெதுவாப் போங்க சம்பந்தி, மூச்சு முட்டுது."

முன்னால் போனவர் திரும்பவில்லை. தம் மனைவி தூரத்தில் வேனருகே நிற்பதைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அன்னிக்கு ஒட்டகத்துக்குள்ளயும் இதையேதான் சொன்னீங்க. இடது காலை முதல்ல எடுங்க."